அந்த மரத்துண்டுக்கு ஒரு அப்பா

டேய் சரவணா,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. உடனே பதில் போடணும்னுதான் நெனச்சேன், ஆனா நீ கேட்டதுக்கு சும்மா ஒரு பேரை மட்டும் சொல்லிட்டுப் போக மனசு வரல. பையனுக்கு டிஸ்னியோட பினோக்கியோ காட்டிட்டேன், இத்தாலிக்காரங்களே எடுத்தது ஏதாவது இருக்கான்னு கேட்டிருந்தல்ல, இருக்குடா. என்ஸோ தாலோன்னு நேப்பிள்ஸ்காரர் ஒருத்தர் 2012ல எடுத்த கார்ட்டூன் படம். போன ஞாயித்துக்கிழமை பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு மறுபடியும் பார்த்தேன்.

படம் பொம்மையில ஆரம்பிக்கல. ஒரு சின்னப் பையன் பட்டம் விட்டுக்கிட்டு ஓடுறான், அவன்தான் பின்னாடி பினோக்கியோங்குற மரப்பொம்மையை செதுக்கப்போற ஜெப்பெத்தோ. நாம கிழவனா மட்டுமே பார்த்த மனுஷன் அரைடவுசரோட ஓடுற வயசுல இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அவரும் ஒரு காலத்துல காத்து போற பக்கமெல்லாம் ஓடுனவர்தானே, பொம்மை வீட்டை விட்டு ஓடும்போது அவருக்கு கோவத்தை விட தவிப்புதான் அதிகமா இருந்திருக்கும்னு தோணுச்சு.

படம் வரைஞ்சது லொரென்ஸோ மத்தோத்தி. 1990லயே இந்தக் கதையோட புத்தகத்துக்கு ஓவியம் போட்டவர், அதனால அந்த ஊரும் மேடும் அவர் கைக்கு நல்லாப் பழகியிருக்கு. கம்ப்யூட்டர் வழவழப்பு கிடையாது, ஒவ்வொரு ஃப்ரேமும் சுவத்துல மாட்டலாம்.

மியூசிக் பாடகர் லூச்சியோ தல்லா. இத்தாலியில நான் இருக்குற பொலோன்யா ஊர்ல அவர் பேரைச் சொன்னா டீக்கடை மாதிரி இருக்கிற பார்ல கூட நாலு பேர் பாட ஆரம்பிச்சிருவாங்க, இது அவர் பொறந்த ஊரு. 2012 மார்ச் 1ம் தேதி சுவிட்சர்லாந்துக்கு கச்சேரி பண்ணப் போன இடத்துல ஹார்ட் அட்டாக்ல போயிட்டார், 4ம் தேதி இங்க பெரிய சர்ச்சுல அடக்கப் பூசை, அன்னைக்குத்தான் அவரோட பொறந்த நாளும். படத்தை அதுக்கப்புறம்தான் வெனிஸ் திரைப்பட விழாவுல காட்டுனாங்க. பினோக்கியோவை மீன்னு நெனச்சு மாவுல பொரட்டி எண்ணெய்ல போடப் பார்ப்பானே ஒரு பச்சை மீனவன், அவனுக்கு குரல் குடுத்ததும் தல்லாதான். அந்த இடத்துல பாப்பா சிரிச்சா, எனக்கு சிரிக்க வரல.

மூலக்கதை தெரிஞ்சா பையனுக்கு இன்னும் நல்லா சொல்லலாம். கார்லோ கொல்லோதி 1881ல ஒரு சிறுவர் பத்திரிகையில தொடரா எழுதுனது. 15வது அத்தியாயத்துல பினோக்கியோவை ஓக் மரத்துல தூக்குல தொங்கவிட்டு கதையையே முடிச்சிட்டார்! படிச்ச பிள்ளைங்க விடல, அப்புறம் மறுபடி எழுதி 36 அத்தியாயமா 1883ல புத்தகமா வந்துச்சு. டிஸ்னியில பாட்டு பாடிக்கிட்டு கூடவே வர்ற சில்வண்டை மூலக்கதையில பொம்மை நாலாவது அத்தியாயத்துலயே சுத்தியலை வீசி கொன்னுடும், முழுங்குறதும் திமிங்கலம் இல்ல, சுறா. பையன் பயந்துடுவானோன்னு யோசிக்காத, நாம கேட்ட பாட்டிக் கதையில இல்லாத வெட்டு குத்தா.

ஆனா எனக்கு அதுல எப்பவும் மறக்காதது கோட்டுதான். பனி கொட்டுது, பொம்மைக்கு ஸ்கூலுக்கு அரிச்சுவடி வாங்க காசில்ல, ஜெப்பெத்தோ ஒட்டுப்போட்ட பழைய கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போறார், திரும்பி வரும்போது கையில புக்கு இருக்கு, மேல வெறும் சட்டை. கோட்டு எங்கேன்னு அது கேட்டா, சூடா இருந்துச்சு, வித்துட்டேங்குறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கப்பா ஞாபகம்தான் வரும். நம்ம டென்த் பரீட்சை ஃபீஸுக்கு அவர் பெரிய ரம்பத்தை வித்துட்டு, பல்லு தேஞ்சுபோச்சு இனிமே எதுக்குன்னு சொன்னாரே. ரெண்டு பேருக்கும் சேர்த்து கட்டுனாருடா. உனக்கு மட்டும் இல்ல.

அவர் இழைப்புளியை பரண்ல போட்டுட்டார்னு நீ எழுதியிருந்ததைப் படிச்சதுல இருந்து ஒரு மாதிரியாவே இருக்கு. கை நடுக்கத்துக்கு டாக்டர் என்ன சொன்னார்னு அடுத்த லெட்டர்ல வெவரமா எழுது.

டிவிடி பார்சல்ல போட்டிருக்கேன், இத்தாலியன்லதான் இருக்கு, நீ பக்கத்துல உக்காந்து தமிழ்ல கதை சொல்லு, அப்பாவையும் கூட உக்கார வை. அப்புறம் அவர்கிட்ட ஒண்ணு கேளு, ஆறாங்கிளாஸ்ல எனக்கு கடைஞ்சு குடுத்த பம்பரம் இன்னும் என்கிட்ட இருக்கு, பாப்பா அதைத்தான் கேக்குறா, ஆணி மட்டும் துருப்பிடிச்சுப் போச்சு, எந்த சைஸ் ஆணி அடிக்கணும்னு கேட்டு எழுதுடா.

உன்,
குமார்