தாத்தாவின் கோப்பு

அன்பு மகளுக்கு,

உன் தோழியின் தாத்தா பெயர் அந்தப் பட்டியலில் வந்ததிலிருந்து அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் இதைச் சொல். 2025 ஜனவரியில் நெதர்லாந்து இணையத்தில் வெளியிட்டது வெறும் பெயர்ப் பட்டியல். இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியருக்கு உடந்தையாக இருந்தார்களோ என்ற சந்தேகத்தில் போருக்கு அப்புறம் கோப்பு திறக்கப்பட்ட சுமார் 4,25,000 பேர். அதில் பெரும்பாலோர் நீதிமன்றம் வரை போகவேயில்லை. ஆதாரமில்லாத புகாருக்கும் கோப்பு உண்டு. நம் ஊர் அலுவலகங்களைப் பார்த்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் "தாத்தா வெறும் குமாஸ்தாதான், யாரையும் அடிக்கவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை" என்று அவள் சொன்னாளாமே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். குமாஸ்தா என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும்.

யாகோபஸ் லென்ட்ஸ் என்று ஒருவர். நெதர்லாந்தின் மக்கள் பதிவேட்டுத் துறைக்குத் தலைமை அதிகாரி. போலி செய்ய முடியாத ஓர் அடையாள அட்டையைப் போருக்கு முன்பே வடிவமைத்தார். எல்லாக் குடிமக்களையும் குற்றவாளிபோல நடத்துவது நம் வழக்கமில்லை என்று அரசாங்கம் வேண்டாம் என்றுவிட்டது. 1940 மே மாதம் ஜெர்மானியர் வந்தார்கள். லென்ட்ஸ் அதே அட்டையை அவர்களிடம் கொண்டுபோனார். 1941-இல் அது எல்லோர் பையிலும் ஏறிவிட்டது: புகைப்படம், கைரேகை, யூதராக இருந்தால் பெரிய ஜே எழுத்து. மனிதர் மேல் யூத வெறுப்பு என்று கூட யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சுத்தம் எனக்கும் பிடித்த விஷயம் என்பதால்தான் அவரை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. போருக்கு அப்புறம் அவருக்குக் கிடைத்தது மூன்று வருஷம் சிறை.

பதிவேட்டில் மதத்துக்கு ஒரு கட்டம் எப்போதோ சேர்த்திருந்தார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல. 1940 அக்டோபரில் அரசு ஊழியர்களிடம் யூதரா இல்லையா என்று படிவம் கேட்டபோது ஏறக்குறைய எல்லோருமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே யூத ஊழியர்கள் வேலையை விட்டு நிறுத்தப்பட்டார்கள். 1941-இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி யூதர்கள் எங்கெங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டது, ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளை வைத்திருக்கிறார். நாட்டிலிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். காரணங்கள் பல, பதிவேடும் ஒன்று.

எதிர்த்தவர்களும் இதே காகிதத்தில்தான் கை வைத்தார்கள். சிற்பி கெரிட் ஃபான் டெர் வேன் கூட்டம் பல்லாயிரம் போலி அட்டைகள் செய்தது. சிக்கல் என்னவென்றால், அட்டையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். அப்போ பதிவேட்டையே கொளுத்துவோம் என்று முடிவானது. 1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோண்டேயசும் மற்றவர்களும் போலீஸ் உடுப்பில் ஆம்ஸ்டர்டாமின் பிளான்டாஜ் கெர்க்லான் தெருவிலிருந்த பதிவகத்துக்குள் போனார்கள். காவலாளிகளைக் கொல்லவில்லை, மயக்க ஊசி போட்டு, பக்கத்திலிருந்த மிருகக்காட்சிச் சாலைத் தோட்டத்தில் கிடத்தினார்கள். இறுக்கி அடுக்கிய அட்டை லேசில் எரியாது, ரெக்கார்டு ரூமில் இருந்தவனுக்கு இது தெரியும். அதனால் இழுப்பறைகளைத் திறந்து அட்டைகளைத் தரையில் கொட்டிவிட்டு வெடிவைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் பங்கு தனி: மெதுவாக வந்து, தேவைக்கு மேல் தண்ணீர் அடித்து மிச்சத்தையும் ஊற வைத்தார்கள். இத்தனைக்கும் அழிந்தது ஏழில் ஒரு பங்குதான். ஜூலை 1-ஆம் தேதி பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அரோண்டேயஸ் உட்பட.

நகல்கள் ஹேக் நகரில் இருந்தன. எதிர்ப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் 1944 ஏப்ரல் 11 அன்று, பட்டப்பகலில், பிரிட்டிஷ் விமானங்கள் அந்தக் கட்டடத்தைக் குண்டுபோட்டுத் தகர்த்தன. செத்தவர்கள் சுமார் அறுபது பேர், பெரும்பாலும் அங்கே வேலை பார்த்தவர்கள். சம்பளத்துக்கு வந்த குமாஸ்தாக்கள். இதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தப்பு என்றும் சொல்ல வரவில்லை.

ரயில்வே கதையையும் பார். 1944 செப்டம்பரில், லண்டனுக்குத் தப்பிப்போயிருந்த நெதர்லாந்து அரசாங்கம் சொன்னதும் ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், துணிச்சலான காரியம். ஆனால் யூதர்களை ஏற்றிய ரயில்கள் அதற்குள் கிட்டத்தட்ட எல்லாமே போய்ச் சேர்ந்துவிட்டன. ஓட்டியதும் இவர்கள்தான்.

அதனால் தாத்தா நல்லவரா கெட்டவரா என்று நீ தீர்ப்புச் சொல்லாதே பாப்பா. முழுக் கோப்பு ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். நீயும் கூடப் போ, அவளைத் தனியாக அனுப்பாதே. குற்றச்சாட்டுத் தாளை முதலில் படிக்க வேண்டாம் என்று சொல். எந்தப் பிரிவில் வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, இடமாற்றம் கேட்டாரா, அவர் கை பட்ட தாள்கள் எவை, புகார் கொடுத்தது யார், அவருக்கு என்ன விரோதம் என்று பார்க்கச் சொல். தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். டச்சு உனக்கு எவ்வளவு வரும் என்று தெரியாது, பழைய கையெழுத்து அவளுக்கே கஷ்டமாக இருக்கலாம். முன்பதிவு கிடைத்த நாளை எனக்கு எழுது.

அப்பா