சர்க்கரை அளவோடு சிறுநீரக அளவையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் வீடுகளில் யாராவது மருந்தகத்திலிருந்து திரும்பினால், சர்க்கரை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகும் மூவரில் ஏறத்தாழ இருவருக்கு நீரிழிவே காரணம் என்பதையும், அந்த நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில் தேசிய அளவைவிட அதிகம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்த அசட்டை மிகுந்த கவலை அளிக்கிறது.

என் பெரியப்பா தம் பரிசோதனை முடிவுகளை ஆண்டுவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருப்பவர். அண்மையில் அதைப் புரட்டியபோது, சிறுநீரகம் எந்த அளவுக்கு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 71இலிருந்து படிப்படியாக 49க்கு இறங்கியிருந்தது தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் பேனாவால் வட்டமிடப்பட்டிருந்தது சர்க்கரை அளவு மட்டுமே. அவருக்கு வலியும் இல்லை, சோர்வும் இல்லை. தேக்காச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவதும் நிற்கவில்லை.

இந்நோயின் கொடுமையே அதுதான். இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழிறங்கி மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நீடித்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய் எனப்படுகிறது. ஆனால் கால் வீக்கம், உடல் அரிப்பு, குமட்டல், மூச்சு வாங்குதல் போன்றவை பெரும்பாலும் பாதிப்பு முற்றிய பிறகே தலைகாட்டுகின்றன. சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. இஜிஎஃப்ஆர் இயல்பாக இருக்கும்போதே, அல்புமின் என்னும் புரதம் கசிவதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நீரிழிவோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இஜிஎஃப்ஆருக்கான ரத்தப் பரிசோதனை, அல்புமினுக்கான சிறுநீர்ப் பரிசோதனை ஆகிய இரண்டையும் செய்துகொள்வது அவசியம். பாதிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. கண்டுகொள்ளாமல் விட்டால், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்புக்காகப் படுத்திருக்கும் நிலை வரலாம்.

மூட்டுவலிக்கென்று ஊரிலிருந்து அட்டை அட்டையாக வாங்கிவந்து விழுங்கும் டைக்லோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. உப்பைக் குறைக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்துவது சிறுநீரக நோயாளிகளுக்கு ஆபத்தாக முடியலாம் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம்.

சமூக மன்றங்களிலும் கோயில்களிலும் உடல்நலப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்பவர்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், அல்புமினுக்கான சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பெரியவர்கள் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது வீட்டிலிருந்து ஒருவர் உடன் சென்று, இஜிஎஃப்ஆர் சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்