எண்ணெய்க்குத் தூள் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் எண்ணெய் கொட்டினால் பாக்டீரியாத் தூளைத் தூவிவிட்டால் போதும், எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும் என்ற பேச்சு எங்கள் தெரு டீக்கடை வரை வந்துவிட்டது. கல்லூரி ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் உதவியாளராக இருந்து, அந்தப் பாக்டீரியாக்களை வளர்த்து அவற்றின் கொழுப்பைப் பிரித்தெடுத்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயில் எளிதில் இறுகும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதே காரணம். பாக்டீரியாவைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான சவ்வில் உள்ள கொழுப்பு அமிலங்களிலும் இதே கணக்குதான். கடலில் கொட்டிய எண்ணெயில் உள்ள ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த மூலக்கூறு) உள்ளே புகுந்தால் சவ்வு தளர்ந்து கசியத் தொடங்கும். அதைச் சமாளிக்கப் பல பாக்டீரியாக்கள் நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டிச் சவ்வை இறுக்கிக்கொள்கின்றன. அதாவது, தேங்காய் எண்ணெய்ப் பக்கம் சாய்கின்றன.

ஒருமுறை 15 கார்பன் சங்கிலியாகக் கோத்த பென்டாடெக்கேன் என்ற ஹைட்ரோகார்பனை மட்டும் உணவாக ஊற்றிப் பாக்டீரியாவை வளர்த்தோம். எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில் வழக்கமாக 16, 18 கார்பன் உள்ளவற்றின் முகடுகள்தான் உயரமாக நிற்கும். அன்று 15-உம் 17-உம் நெட்டுக்குத்தாக எழுந்து நின்றன. தின்ற சங்கிலியின் நுனியை ஆக்சிஜனேற்றி, அப்படியேயும், இரண்டு கார்பன் கூட்டியும் கொழுப்பு அமிலமாக உடம்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறது! "சாப்பிட்டதை மறைக்கத் தெரியாத பிள்ளை" என்று பேராசிரியர் சிரித்தார்.

சரி, அது குடுவைக்குள். ஒரே ஒரு சுத்தமான எண்ணெய், நைட்ரஜனும் பாஸ்பரசும் அளந்து போட்ட உப்புநீர், இரவு பகலாகக் குலுக்கும் இயந்திரம். 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எர்ணாவூர்ப் பாறைகளில் அப்பியது, தார் போன்ற கப்பல் எரிபொருள். அதில் பாக்டீரியாவின் வாய்க்கு எளிதில் அகப்படாத பெரிய மூலக்கூறுகள் நிறைய. என் கொழுந்தனார் மகன் வாளியோடு இறங்கி அள்ளினான். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இரண்டு வாரம் போகவில்லை.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் கடலில் ஏற்கெனவே உண்டு. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரையில் உரம் போட்டது, அங்கிருந்த பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைக்கத்தான். அதற்கு முன் அள்ளுகிற வேலை நடந்தது.

ஆகவே, அடுத்த முறை எந்தத் தூள் நல்லது என்று செய்தி போடுவதற்கு முன், மிதவைத் தடுப்பும் உறிஞ்சும் இயந்திரமும் எத்தனை மணி நேரத்தில் கரைக்கு வந்தன, எவ்வளவு அள்ளினார்கள், அள்ளியவர்களுக்குக் கையுறை கொடுத்தார்களா என்று உங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
திருவொற்றியூர்.