கதிருக்குத் தெரிய வேண்டாம்

ஜோஹன்னஸ்பர்க்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சீனி,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால் ஏதோ வில்லங்கம் என்று நீயே ஊகித்திருப்பாய். முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சாந்திக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, என்னைத் திட்டும் நாட்களில் மட்டும் குறைகிறது. வாத்தியார் போன செய்தி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும். அதை நேரில் பேசுவோம், எழுத வரவில்லை.

வாட்ஸப்பில் எழுதாததற்குக் காரணம் உண்டு. உன் போனை உன்னைவிட உன் மகன் கதிர்தான் அதிகம் பார்க்கிறான். இந்த ஊர்த் தபாலையும் நம்ப முடியாது. அதனால் லீவுக்கு மதுரை வரும் ஒரு பையனிடம் கவரை நன்றாக ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

கதிர் எனக்கு எழுதியிருக்கிறான், உனக்குத் தெரியாமல். உடனே கத்தாதே. உட்கார்ந்து படி.

உங்கள் அப்பாவின் ஜின்னிங் பாக்டரியை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, கீழே ஓவியர்களுக்கு இடம், ஒரு காபிக்கடை, மேலே தளம் எழுப்பிச் சின்னச் சின்ன பிளாட். பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன். வரைபடம்கூட அனுப்பியிருக்கிறான், அழகாகத்தான் இருக்கிறது. 'மாமா, மபோனெங் மாதிரி' என்கிறான். இந்த ஊரில் பழைய கிடங்குகளைப் புதுப்பித்து உருவாக்கிய பேட்டை அது. அதற்கு ஆதாரமாக, 2013இல் அந்தப் பேட்டையைப் புகழ்ந்து நான் உனக்கு எழுதிய கடிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறான்! அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. காதல் கடிதம்கூட நான் அப்படி எழுதியதில்லை (சாந்தி சாட்சி).

ஆக, குற்றவாளி நான்தான். அந்தக் கடிதத்தில் பாதிக் கதைதான் இருந்தது. மீதி அப்போது நடந்திருக்கவில்லை.

இந்த ஊர் 1886இல் தங்கம் கிடைத்ததால் முளைத்தது. ஆறு கிடையாது, துறைமுகம் கிடையாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கம்பெனிகள் நடுநகரத்தைக் கைகழுவிவிட்டு வடக்கே சாண்ட்டன் பக்கம் போய்விட்டன. 2000இல் பங்குச் சந்தையே அங்கே போய்விட்டது. பின்னால் நின்றவை காலிக் கட்டடங்கள். இங்கே கட்டடத்தைக் 'கடத்துவது' என்று ஒரு தொழிலே உண்டு. சொந்தக்காரன் கைவிட்ட கட்டடத்தில் ஒரு கும்பல் புகுந்து, அறையைத் தட்டி தட்டியாக மறைத்து வாடகை வசூலிக்கும். தண்ணீர், கரண்ட், கழிவுநீர் எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை.

இதற்கு நடுவில்தான் ஜொனாதன் லீப்மன் என்ற பையன் வந்தான். வயது 24. ஊரே வடக்கே ஓடும்போது இவன் கிழக்கு ஓரத்தில் பழைய கிடங்குகளை வாங்கினான். சாராயச் சரக்கு அடைத்து வைத்திருந்த கிடங்கு 2009இல் 'ஆர்ட்ஸ் ஆன் மெயின்' ஆனது. உலகமறிந்த ஓவியர் வில்லியம் கென்ட்ரிஜ் அங்கே ஸ்டுடியோ வைத்தார். ஜெர்மன்காரர்களின் கலாசார அமைப்பான கோத்தே நிலையம் ஒரு கூடம் திறந்தது. அடுத்த கட்டடத்தில் வீடுகள், சின்ன சினிமாக் கொட்டகை, பன்னிரண்டே அறைகள் உள்ள ஓட்டல். 1886இலிருந்து இந்த ஊரின் பத்தாண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. பேட்டைக்கு வைத்த பெயர் மபோனெங். சோத்தோ மொழியில் 'வெளிச்சமுள்ள இடம்'.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நான் எப்படி வர்ணித்திருந்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எத்தியோப்பியக் காபியை வறுக்கும் வாசனை, தெருவில் கறுப்பரும் வெள்ளையரும் பயமில்லாமல் தோளுரசி நடப்பது. நிறம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்துச் சட்டம் போட்ட ஊரில் அது சாதாரணக் காட்சி இல்லை, சீனி. அன்று எனக்கு வந்த பரவசம் பொய்யில்லை. இப்போதும் அதை வாபஸ் வாங்க மாட்டேன்.

ஆனால் நான் எஸ்டிமேட் போட்டுப் பிழைக்கிறவன். அந்தக் கணக்கைக் கதிரிடம் சொல்ல மறந்துவிட்டேன். யாரும் வேண்டாம் என்கிற இடத்தில் விலை மலிவு. முதலில் கலைஞர்களைக் குடிவைக்கிறாய். அவர்களால் இடத்துக்குப் பேர் வருகிறது. பேர் வந்ததும் மாடியைப் பிளாட் பிளாட்டாகப் பிரித்து விற்கிறாய். அந்தப் பணமும் பேங்க் கடனும் சேர்ந்து பக்கத்துக் கட்டடத்தை வாங்குகின்றன. சக்கரம் ஓடும்வரை எல்லாம் அற்புதம், நின்றால் கடன் மட்டும் நிற்காது. லீப்மனும் நிற்கவில்லை. கட்டடம் கட்டடமாக வாங்கிக்கொண்டே போனார். டர்பனில் ரிவர்டவுன் என்று இன்னொரு பேட்டையில் கை வைத்தார். டேவிட் அஜாயே போன்ற பெரிய கட்டடக் கலைஞரை வைத்து ஹால்மார்க் ஹவுஸ் என்ற பழைய தொழிற்கூடக் கட்டடத்தைப் பளபளவென்று மாற்றினார்.

நானும் ஒரு பிளாட் புக் பண்ணப் போனேன், தெரியுமா? உன்னிடம் மறைத்த விஷயம். அட்வான்ஸுக்குச் செக் எழுதும் நேரத்தில் சாந்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருமுனையைத் தாண்டி நூறடி நடந்து காட்டுங்க, வாங்குவோம்." நடக்கவில்லை. செக் புத்தகம் பைக்குள் போய்விட்டது.

தெருமுனைக்கு அப்பால் ஜெப்ஸ்டவுன். 2015 மார்ச்சில் அங்கே குடியிருந்தவர்கள் தங்களைக் காலி பண்ணப் போகிறார்கள் என்று தெருவில் இறங்கினார்கள். போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. டிவியில்தான் பார்த்தேன். அவர்கள் இருந்த கட்டடம் யாருடையது என்பது வேறு வழக்கு. ஆனால் கோபம் வந்து நின்ற இடம் மபோனெங். நான் காபி குடித்த அதே தெரு. யாருமில்லாத இடம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தைச் சுற்றி அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்!

இத்தனைக்கும் இந்த நாட்டில் சட்டம் மோசமில்லை. 2011இல் ப்ளூ மூன்லைட் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: தனியார் கட்டடத்திலிருந்து வெளியேற்றினாலும், போக்கிடம் இல்லாதவர்களுக்கு மாநகராட்சி தற்காலிகமாக இடம் தர வேண்டும். ஆனால் கொடுக்க இடம் இருந்தால்தானே!

2019 ஏப்ரலில் லீப்மனின் கம்பெனி திவாலாகி மபோனெங் கட்டடங்கள் ஏலத்துக்கு வந்தன. கர்வத்தால் விழுந்தார் என்று இங்கே சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேகம் அதிகம், பொருளாதாரம் மந்தம், ஒரு தனி ஆள் தெருவிளக்கு முதல் காவல்வரை நகராட்சியின் வேலையையும் சேர்த்துச் சுமந்தால் எத்தனை நாள் தாங்கும்? இது என் கணக்கு. வேறு கணக்கும் இருக்கலாம். கட்டடங்கள் அங்கேயேதான் நிற்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 31 அதிகாலை, அங்கிருந்து மேற்கே, மார்ஷல்டவுனில் உசிண்டிசோ என்ற ஐந்து மாடிக் கட்டடம் எரிந்தது. மாநகராட்சிக்குச் சொந்தமானது. நிறவெறிக் காலத்தில் கறுப்பர்கள் நகரத்தில் இருக்க, நடமாட வேண்டிய அனுமதிச் சீட்டான 'பாஸ்' வாங்க வரிசையில் நின்ற இடம். கடைசியில் கடத்தப்பட்ட கட்டடமாகிவிட்டது. 76 பேர் செத்தார்கள். லீப்மனைக் குறை சொல்லும்போதெல்லாம் அந்தப் புகைதான் ஞாபகத்துக்கு வரும். யாரும் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அதனால் கதிரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் வரைபடத்தை நாலு தடவை பார்த்தேன். செலவுக் கணக்கில் இருக்கும் ஓட்டையை அவனிடமே எழுதிக்கொள்கிறேன், அது பெரிதில்லை. ஆனால் பாக்டரிக்குப் பின்னால் லைன் வீடுகள் இருக்குமே, அந்த இடத்தில் 'பார்க்கிங்' என்று எழுதி, நாற்பது கார் வரைந்து வைத்திருக்கிறான். மரம்கூடப் போட்டிருக்கிறான். வீடு ஒன்றுகூட இல்லை.

பாக்டரியை மூடியபோது, இருக்கிறவரை இருங்கள் என்று உன் அப்பா லைன் வீட்டுக்காரர்களிடம் சொன்னது உனக்கும் எனக்கும் தெரியும். நாம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். கதிர் அப்போது பிறக்கவேயில்லை. அந்த வார்த்தை எந்தப் பத்திரத்திலும் இல்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாமல், ஒரு சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு லைன் வீட்டுப் பக்கம் நட. முழங்காலுக்கும் நல்லது. இப்போது எத்தனை குடும்பம் இருக்கிறது, யார் யார் என்று எனக்கு எழுது. கடைசி வீட்டுக் கிழவி இருக்கிறாளா? நம் இரண்டு பேரையும் விளக்குமாற்றோடு துரத்தியவள்.

தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறைப் படம் கேட்டிருந்தாய். பிராம்ஃபொன்டைன் போய் எடுத்து வைத்திருக்கிறேன், இந்தக் கவரிலேயே இருக்கிறது. குனிந்து எடுத்ததில் என் நிழலும் விழுந்துவிட்டது, பொறுத்துக்கொள்.

உன்,
பாண்டி

பி.கு.: பையனிடம் கருப்பட்டி கொடுத்தனுப்பு. சாந்திக்குத் தெரிய வேண்டாம்.