இரட்டைக் குழலும் கையால் நிரப்பும் தோட்டாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வேட்டைத் துப்பாக்கிகள் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற பெரிய தோட்டாக்களைக் கையால் நிரப்புவதை (சுட்டு முடிந்த கூட்டில் புதிதாக மருந்தும் ரவையும் இடுவதை) வெறும் சிக்கன வழியாகவே சொல்லிக் கடந்துவிட்டது. இத்தோட்டாக்களைச் சுடும் இரட்டைக் குழல் துப்பாக்கியைச் செய்பவர், குறிப்பிட்ட எடையுள்ள ரவை (குழலிலிருந்து பாயும் குண்டு) குறிப்பிட்ட வேகத்தில் பாயும்போது இரு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்கும்படி அவற்றைச் சற்று உட்சாய்த்துப் பொருத்துகிறார்; .470-க்கு அது 500 கிரெயின், அதாவது சுமார் 32 கிராம் எடையும், நொடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகமும் ஆகும். வேகம் குறைந்தால் அடிகள் விலகும், கூடினால் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே விழும். ஆகவே நிரப்புபவர் தேடுவது கூடுதல் வலிமையை அன்று, அந்தத் துப்பாக்கிக்கே உரிய பழைய வேகத்தை.

இன்னொரு திருத்தம்: .450 தோட்டாவின் வலிமை போதாமல் .470 பிறக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் அரசு 1907-இல் இந்தியாவில் .450-ஐத் தடை செய்ததே (கலகக்காரர் கையில் இருந்த, அதே .450 அளவுள்ள மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு ரவை கிடைத்துவிடும் என்ற அச்சம்தான்) அதற்குக் காரணம்.

கையால் நிரப்புவது எளிதும் அன்று: என்னிடமுள்ள, கைனாக் என்ற பிரிட்டிஷ் தோட்டா நிறுவனத்தின் பழைய பித்தளைக் கூட்டின் அடியில் ஒன்றுக்கு இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. நடுத்துளை இல்லாததால், எரிந்த தீக்குப்பியை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பியை) ஊசியால் தள்ளி எடுக்க வழியில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்