‘சபாபதி’க்கு ஒரு மாலை கொடுங்கள்: சென்னை சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர், தி.நகர், நங்கநல்லூர் சபாக்களின் செயலாளர்களுக்கும் நாடகக் குழுக்காரர்களுக்கும் வணக்கம்.

கோடை நாடக விழாவுக்கு இந்த வருஷமும் நாள் குறிப்பீர்கள். அதில் ஒரு மாலையைப் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’க்குக் கொடுங்கள். மறுநாள் அதே மேடையில் திரை கட்டி, அந்த நாடகத்திலிருந்து எடுத்த 1941-ஆம் வருஷப் படத்தைப் போடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்த மனிதருக்கு நீங்கள் கொஞ்சம் கடன்பட்டவர்கள். நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில், 1891-ல், சுகுண விலாச சபாவைத் தொடங்கி, படித்து உத்தியோகம் பார்ப்பவர்களும் அரிதாரம் பூசலாம் என்று காட்டியவர் அவர். தானும் வக்கீலாக இருந்து, பிறகு நீதிபதியும் ஆனார். ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை பார்க்கிற உங்கள் நடிகர்கள் எல்லாரும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

படத்தை ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இயக்கினார்கள். டிசம்பரில் வெளியானது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஜப்பான் போரில் குதித்திருந்தது. நாலு மாதத்தில் சென்னைவாசிகள் குண்டுக்குப் பயந்து மூட்டை கட்டினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வந்த படத்தில் போரும் இல்லை, புராணமும் இல்லை. பணக்கார வீட்டு மக்குப் பிள்ளை சபாபதி, அவனைவிட மக்கான வேலைக்காரன், அவன் பெயரும் சபாபதி. எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரன், அந்த உருட்டு விழிகளோடு. வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம்.

சோடா காட்சியைப் பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். கோலி சோடாவை உடைத்துக் கொண்டு வரச் சொன்னால், ரத்தினம் நிஜமாகவே பாட்டிலை உடைத்துவிடுகிறார். அவர் முகத்தில் குறும்பே கிடையாது. சொன்னதைச் செய்த திருப்தி மட்டும்தான். சிரிப்பு வரவழைக்க அவர் எதுவுமே செய்வதில்லை. இன்றைய நம் மேடைகளில் வசனத்தைச் சொல்லிவிட்டுக் கைத்தட்டலுக்குக் காத்து நிற்கிறார்களே, அவர்களுக்கு இந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினால் போதும்.

வேலைக்காரனை மட்டம் தட்டும் பழைய நகைச்சுவைதானே என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே பெயரை இரண்டு பேருக்கும் வைத்ததில்தான் முதலியாரின் குசும்பு இருக்கிறது. மாடியில் இருப்பவனும் கீழே இருப்பவனும் ஒரே லட்சணம். சொத்து ஒன்றுதான் வித்தியாசம்.

அப்புறம் கல்யாணம். எஜமானுக்குப் படித்த மனைவி சிவகாமி, வேலைக்காரனுக்குக் குண்டுமுத்து. சிவகாமியாக நடித்த பத்மா அமைதியாகச் செய்திருக்கிறார். கணவனைத் திருத்திப் படிக்க வைக்கும் பொறுப்பு அவள் தலையில். எனக்குப் பிடித்தது குண்டுமுத்துவாக வரும் சி.டி. ராஜகாந்தம்தான். ரத்தினத்துக்கும் அவருக்கும் நடக்கும் சண்டையில் இருக்கும் உயிர் மாடியில் இல்லை. முதலியாரின் சபாவில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். ரங்கவடிவேலு அதில் பெரும் பெயர் எடுத்தவர். ராஜகாந்தத்தைப் பார்க்கும்போது, இந்த நாடகம் பெண்கள் நடிப்பதற்காகவே காத்திருந்தது போலத் தோன்றுகிறது. ஆகவே, தயவுசெய்து அந்த வேடத்தை நன்றாக நடிக்கத் தெரிந்த பெண்ணுக்குக் கொடுங்கள். சேலை கட்டிய ஆண் வேண்டாம், சலித்துவிட்டது.

இன்னொரு வேண்டுகோள்: கதையை இந்தக் காலத்துக்கு இழுக்காதீர்கள். சபாபதி கையில் செல்போன் கொடுத்து, வாட்ஸ்அப் ஜோக் சொல்ல வைத்தீர்கள் என்றால் நான் இடைவேளையிலேயே கேன்டீனுக்குப் போய்விடுவேன். வேட்டி, தலைப்பாகை, வீட்டுக்கு வரும் தமிழ் வாத்தியார் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நீளத்தை வேண்டுமானால் வெட்டுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும்.

உரிமைச் சிக்கலும் கிடையாது. சம்பந்த முதலியார் 1964-ல் காலமானார். நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைதான் உரிமை. 2025 தொடக்கத்தோடு அதுவும் முடிந்துவிட்டது. படத்துக்கு மட்டும், இணையத்தில் கிடைப்பதை இறக்கிப் பெரிய திரையில் ஓட்டாமல், நல்ல பிரதிக்கு முறையாகக் கேட்டுப் பாருங்கள். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ நம் கையில் இல்லாமலே போய்விட்டது. இது இருக்கிறது.

செலவு அதிகமில்லை: ஒரு கூடம், இரண்டு நாற்காலி, ஒரு மேசை, கொஞ்சம் சோடா பாட்டில். எந்தக் குழு எடுத்துக்கொள்கிறது என்பதை விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் முடிவு செய்துவிடுங்கள். டிக்கெட் போட்டாலும் சரி, வாங்க நான் தயார்.

இப்படிக்கு,
பின்வரிசை ரசிகன்