மெடிக்கல் லீவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

உடம்பு சரியில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டு ஷூட்டிங் போனேன் என்றாயே, அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் பேச்சைப் பாதியில் முடித்தேன். நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தோரு வருஷம் பொய் லீவு எடுக்காதவன் நான். (அம்மா அப்படித்தான் நம்புகிறாள்.)

அப்புறம் ஒருநாள் அண்ணன் மகனோடு 'குங் ஃபூ பாண்டா' கார்ட்டூன் படம் பார்த்தேன். அதில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் வாத்து அப்பாவுக்கு, பையன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. பையன் மனசோ குங் ஃபூவில். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வாத்து அப்பாவின் குரல் யாருடையது என்று தேடினேன். ஜேம்ஸ் ஹாங், 1929இல் மினியாபொலிஸில் பிறந்த சீன வம்சாவளி அமெரிக்கர். படிப்பு உன்னைப் போல சிவில் இன்ஜினியரிங். வேலை என்னைப் போல சாலைப் பொறியாளர், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில். மனிதர் மெடிக்கல் லீவு போட்டுத்தான் நடிக்கப் போயிருக்கிறார்! 1954இல் நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸின் டிவி நிகழ்ச்சிக்குப் போய், அவர் எதிரிலேயே அவரைப் போலப் பேசிக் காட்டினாராம். வாய்ப்புகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

என்ன வாய்ப்புகள்? வேலைக்காரன், வில்லன். 1974இல் வந்த படத்தின் பெயரே 'சைனாடவுன்', அதிலும் இவர் ஒரு பணக்கார வீட்டின் பணியாள்தான். 'பிளேட் ரன்னர்' படத்தில் உறைகுளிர் அறையில் உட்கார்ந்து செயற்கைக் கண்கள் செய்கிறார். சில நிமிஷம்தான் வருவார். நான் மூன்று தடவை பார்த்தேன். நல்ல வேஷம் கொடுக்க ஆளில்லை என்று சும்மாவும் இருக்கவில்லை. 1965இல் மகோ முதலான நடிகர்களோடு சேர்ந்து, ஆசிய வம்சாவளி நடிகர்களுக்கென்றே ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கினார்.

ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதித்தது 2022இல். வயது 93. அடுத்த வருஷம் அமெரிக்க நடிகர் சங்க விருது மேடையில், வெள்ளைக்காரர்கள் கண்ணோரத்தை டேப்பால் இழுத்து ஒட்டிக்கொண்டு சீனர்களாக நடித்த காலத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கும் மருந்துக் கடைக்காரி, நர்ஸ் என்றேதானே தருகிறார்கள்.

சரி, இனிமேல் மெடிக்கல் லீவு வேண்டாம், சேர்த்து வைத்த லீவை எடு. அந்த மருந்துக் கடை சீன் எப்போது வரும் என்று எழுது. இரண்டே வரி வசனம் என்று நீ சொன்னதை மறைத்துவிட்டு அம்மா தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா